மைக் யார் கையில்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் மாடிப்படியை நினைத்துப் பாருங்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் கையில் கட்டைப்பையும் இடுப்பில் குழந்தையுமாகத் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். அந்த நேரத்தில் கூரையிலிருந்து வரும் குரலை யாரும் சந்தேகப்படுவதில்லை. பேசுகிறவர் முகம் தெரியாது. கடையே பேசுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "பச்சைச் சட்டை போட்ட குழந்தை தரைத்தளத்தில் இருக்கிறது" என்றால் தாய் ஓடி வருவாள். "தீ" என்றால் அத்தனை பேரும் ஓடுவார்கள், அதே படியில். பல ஸோன் (தனியே அறிவிப்பு கேட்கும் பகுதி) கொண்ட ஒலிபரப்பு அமைப்பை நிறுவும் தொழிலில் இருக்கிறவர்கள் இந்தப் படிக்கட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் முதல் ஒயரை இழுக்க வேண்டும். எந்த மைக் எந்த மாடி வரை பேசலாம், அதை யார் தீர்மானிக்கலாம் என்பதுதான் இந்த வேலையின் மையம்.

அதனால் பூட்டு போடும் வேலை ஸோன் பிரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஒயர் இழுக்க வசதியாக இருக்கிறது என்று மாடிக்கு ஒரு ஸோன் போட்டு முடிப்பதுதான் வழக்கம். ஆனால் கேட்க வேண்டியவர் யார் என்று பார்த்துப் பிரித்தால் கணக்கு மாறும். கிடங்கில் இருக்கும் பையனை அழைப்பது வாடிக்கையாளர் காதில் விழத் தேவையில்லை. வாசலில் வண்டியை எடுக்கச் சொல்வது இரண்டாம் மாடிக்குத் தேவையில்லை. மூன்று தள விற்பனைப் பகுதி, பின்னால் கிடங்கு, வாசல் என்று ஐந்து ஸோன் வைத்தால் நடுத்தரக் கடைக்குப் போதும்.

இந்த ஐந்தையும் 100 வோல்ட் லைனில்தான் செய்ய வேண்டும்: ஆம்பிளிஃபயர் மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சிறு டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக்கொள்ளும். இந்தப் பகுதிக் கட்டடங்கள் பலவும் முகப்பு குறுகி உள்ளே நீண்டு போகிறவை. ஒயர் எளிதாக 100 மீட்டரைத் தொடும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 100 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் இரண்டரை ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஒயரிலேயே போய்விடும். அதே ஒயரில் 100 வோல்ட் லைனாக 84 வாட் லோடு கொடுத்தால் இழப்பு நூற்றுக்கு இரண்டுதான்.

லோடு கணக்கு எளிது. தரைத்தளத்தில் 14 சீலிங் ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 6 வாட் டேப்பிங்கில் (டிரான்ஸ்பார்மரில் தேர்ந்தெடுக்கும் வாட் முனை): 84 வாட். முதல் தளமும் அப்படியே. இரண்டாம் தளம் 12 ஸ்பீக்கர், 72 வாட். கிடங்கில் 10 வாட்டில் நான்கு, வாசலில் 15 வாட்டில் இரண்டு ஹாரன் (கூம்பு ஸ்பீக்கர்). ஆம்பிளிஃபயரின் திறனில் நூற்றுக்கு 80-க்கு மேல் ஏற்றக் கூடாது. ஆகவே முதல் மூன்று ஸோனுக்குத் தலா 120 வாட், மற்ற இரண்டுக்கும் தலா 60 வாட். ஒரே பெரிய ஆம்ப் வாங்கி ஸோன் செலக்டர் பெட்டி வைத்தால் செலவு குறையும். ஆனால் அது பழுதானால் ஐந்து இடமும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். கூட்டம் சேரும் கடைக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

ஸ்பீக்கர் இடைவெளியைக் கண்ணளவில் வைக்காதீர்கள். கூரை 3.6 மீட்டர், நிற்கிறவர் காது 1.5 மீட்டர் என்றால் நடுவில் 2.1 மீட்டர். 90 டிகிரி விரியும் ஸ்பீக்கர் காதுமட்டத்தில் 4.2 மீட்டர் அகல வட்டத்தை நிரப்பும். இதற்கு மேல் தள்ளி வைத்துவிட்டு நடுவில் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றினால், ஸ்பீக்கருக்கு நேர் கீழே நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு நாள் முழுக்கத் தலைவலி.

கூரையை மூடுவதற்கு முன் ஒவ்வொரு லைனையும் இம்பீடன்ஸ் மீட்டரால் (ஒலி மின்னோட்டத்துக்கு லைன் தரும் தடையை அளப்பது) அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் டிரான்ஸ்பார்மர் சுருளின் நேர்மின் தடையை மட்டும் காட்டும்; அதை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. 84 வாட் லைன் 119 ஓம் காட்ட வேண்டும். 10,000-ஐ வாட்டால் வகுத்தால் வரும் விடை இது. 60 என்று வந்தால் எங்கோ டேப்பிங் உயர்ந்திருக்கிறது. 8-க்குக் கீழ் வந்தால் யாரோ ஒரு ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் மாட்டிவிட்டார்கள். 100 வோல்ட்டில் அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும் 1,250 வாட் கேட்கும், ஆம்ப் உடனே காப்பு நிலைக்குப் போய்விடும். ஜிப்சம் கூரை மூடியபின் அந்த ஒன்றைத் தேடுவது ஒரு நாள் வேலை. எட்டு ஸ்பீக்கருக்கு ஒருமுறை அளந்துகொண்டே போனால் இந்தத் தேடலே வராது.

தாழ்ந்த ஒலியை வெட்டுவதும் கட்டாயம். சீலிங் ஸ்பீக்கருக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ், ஹாரனுக்கு 300-க்குக் கீழ். தாழ்ந்த அலைகளில் ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரின் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோய், ஆம்புக்குக் கிட்டத்தட்ட ஷார்ட் போலத் தெரியும். பேச்சும் தெளியும், வார்த்தையைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. தமிழில் எண் அறிவிக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். இரைச்சலில் ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றும் ஒரே வால் ஒலியோடு காதில் விழும். வண்டி எண்ணைத் தனித்தனி இலக்கமாக, "எட்டு, பூஜ்யம்" என்று சொல்ல பில்லிங் ஆட்களுக்குப் பழக்குங்கள். ஒலியின் தொனியைத் திருத்தும் எந்த ஈக்வலைசரும் செய்யாத உதவியை இந்தப் பழக்கம் செய்யும்.

ஆம்பிளிஃபயர்களை அடுக்கும் ரேக்கை எங்கே வைப்பது என்பதில் வடசென்னைக்கென்று தனி விதி உண்டு: தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்கே பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. முதல் மாடியில், பூட்டுள்ள அறையில், பூட்டுள்ள ரேக். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரம் நெருங்க நெருங்க உப்புக்காற்றில் செம்பு முனைகள் பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசிய ஒயரும் அழுத்திப் பொருத்திய லக்குகளும் (ஒயர் நுனிக்கான உலோக முனை) போடுங்கள். வாசல் ஹாரனின் இணைப்பை அடைத்த பெட்டிக்குள் வையுங்கள். ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். வாசல் ஸோனுக்கு இரவு 10 மணிக்குத் தானே அணையும் டைமரும் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. வணிகப் பகுதிக்குப் பகல் வரம்பு 65 டெசிபல், இரவு 55.

இனி பாஸ்வேர்டு. பலர் இதைக் கடைசி ஐந்து நிமிட வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். அரை நாள் ஒதுக்க வேண்டிய வேலை இது.

எந்த மைக் எந்த ஸோனில் பேசும் என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை நெட்வொர்க்கில் சேர்க்கும் முன், லேப்டாப்பை ஒற்றை ஒயரில் நேராக இணையுங்கள். முதலில் மென்பொருளைப் புதுப்பியுங்கள். சில கருவிகள் புதுப்பிக்கும்போது அமைப்புகளைத் துடைத்துவிடும், ஆகவே பாஸ்வேர்டு அதற்குப் பிறகுதான். பிறகு தொழிற்சாலை முகவரியையும் தொழிற்சாலைப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அந்தப் பாஸ்வேர்டு கையேட்டில் அச்சாகி உலகம் முழுக்கக் கிடைக்கிறது. அதை வைத்திருப்பது சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதுதான். புதியதை வைத்தவுடன் வெளியேறி ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். சில பழைய கருவிகள் நீளமான பாஸ்வேர்டைச் சொல்லாமல் 16 எழுத்தில் வெட்டிவிடும். அடுத்த முறை நீங்களே உள்ளே போக முடியாது.

மூன்று படி அனுமதி போதும். பில்லிங் கவுண்டரில் இருப்பவர் தனக்குரிய ஸோன்களைத் தேர்ந்து பேசலாம், வால்யூமைக் குறித்த எல்லைக்குள் ஏற்றி இறக்கலாம். மேனேஜர் எல்லா ஸோனிலும் பேசலாம், பாட்டு நேரத்தை மாற்றலாம். கெயின் (உள்வரும் ஒலியைப் பெருக்கும் அளவு), ஈக்வலைசர், ஐபி முகவரி எல்லாம் நிறுவியவர் மட்டத்தில். பேஜிங் (மைக்கில் அறிவிக்கும்) கருவியில் நான்கு இலக்கப் பின் போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. ஒரே பின்னை மாதக்கணக்கில் அழுத்தினால் நான்கு பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளக்கும். அப்புறம் 10,000 வாய்ப்பு 24-ஆகச் சுருங்கிவிடும். ஆறு இலக்கம் வையுங்கள், ஆளுக்கொரு பின் கொடுங்கள், இரண்டு நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளச் செய்யுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அவர் பின்னை நீக்குங்கள். சீசனுக்கு மட்டும் வரும் ஆட்கள் நிறைந்த தொழிலில் இந்தப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பாஸ்வேர்டே கேட்காத பக்கவாசல்கள்தான் பெரிய ஆபத்து. பாட்டுப் போட வைத்த ப்ளூடூத் எப்போதும் இணைப்புக்குத் திறந்திருந்தால், தெருவில் நிற்கும் போனும் கூரையில் பேசும். அதை அணைத்துவிட்டு ஒயர் வழியாகப் பாட்டுப் போடுங்கள். முகப்பு யூஎஸ்பி துளையை மூடித்தட்டால் அடையுங்கள். சுவர்க் கட்டுப்பாட்டுப் பலகைகளின் பொத்தான் பூட்டை இயக்குங்கள். கடையின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை ஒலிபரப்போடு இணைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "எக்ஸ்டென்ஷன் எண் தெரிந்தால் அழுத்தவும்" என்று தானே பேசும் எக்ஸ்சேஞ்சில், பேஜிங் எண்ணை வெளியிலிருந்து அழுத்தத் தடை போடாவிட்டால் எந்த ஊரிலிருந்தும் எவரும் உங்கள் கூரையில் பேசலாம். வாடிக்கையாளர் வைஃபை, பில்லிங் கணினிகள், ஒலிபரப்பு மூன்றும் தனித்தனி விலானில் (நெட்வொர்க்கின் தனிப்பிரிவு) இருக்கட்டும். தொலைவிலிருந்து சரிபார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து வைக்காதீர்கள். விபிஎன் எனும் பூட்டிய இணைப்பு வழியாக வாருங்கள்.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 2017 ஏப்ரல் 7 அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் 156 அபாயச் சங்குகள் ஒருசேர அலறின. புயலும் இல்லை, தீயும் இல்லை. அனுமதியில்லாத யாரோ ரேடியோ சமிக்ஞையால் அவற்றை இயக்கியிருந்தார்கள். அவசர எண்ணுக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள் குவிந்தன. உள்ளே பாஸ்வேர்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் சமிக்ஞை நுழையும் வழி திறந்திருந்தால் பயனில்லை.

ஒரே ஒரு மைக்குக்கு மட்டும் பாஸ்வேர்டு வைக்காதீர்கள்: அவசர மைக். புகை சூழும்போது யாரும் ஆறு இலக்கத்தை நினைவுகூர மாட்டார்கள். அதைக் கண்ணாடி முகப்புள்ள பெட்டியில், மேனேஜர் கண்படும் இடத்தில் வையுங்கள். முன்னுரிமை வரிசையில் அது முதல். பிறகு மேனேஜர், பில்லிங், தொலைபேசி, கடைசியில் பாட்டு. சுவர் வால்யூம் திருகிகள் இருந்தால் 24 வோல்ட் ரிலே (அவசர அறிவிப்பின்போது திருகியை மீறி ஒலியை விடும் சுவிட்ச்) உள்ளவையாக வாங்கி, அதற்கான கூடுதல் கம்பியையும் முதலிலேயே இழுங்கள். இரண்டு கம்பி மட்டும் இழுத்திருந்தால், ஒருவர் பூஜ்யத்தில் திருகி வைத்த அறைக்கு அபாய அறிவிப்பும் போகாது.

அமைப்புக் கோப்பை இரண்டு யூஎஸ்பியில் சேமித்து, நிறுவியவர் பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய கவரோடு கடை முதலாளியின் பீரோவில் வைக்க வேண்டும். ரேக் கதவின் உள்பக்கம் ஸ்டிக்கரில் எழுதும் பழக்கம் வேண்டாம். பாஸ்வேர்டு தொலைந்தால் பெரும்பாலான கருவிகளில் ரீசெட் துளை ஒன்றுதான் வழி. அது ஸோன் பெயர் முதல் ஈக்வலைசர் வரை எல்லாவற்றையும் அழித்துவிடும். குண்டூசி கிடைத்த எவரும் அதை அழுத்தலாம் என்பதால்தான் ரேக்குக்கே பூட்டு.

ஒப்படைக்கும் நாளில் எல்லாத் திருகிகளையும் பூஜ்யத்தில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். யூபிஎஸ்ஸில் அவசர மைக் ஐந்து ஸோனிலும் பேச வேண்டும். அடுத்து யூபிஎஸ்ஸையும் அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மின்சாரம் கொடுங்கள். சில கருவிகளில் சேமிப்புப் பொத்தானை அழுத்தாவிட்டால் மாற்றங்கள் தற்காலிக நினைவிலேயே நின்றுவிடும். கரண்ட் போய் வந்ததும் பழைய பாஸ்வேர்டோடும் திறந்த பலகையோடும் எழுந்து நிற்கும். கருவி பூட்டியபடியே எழுந்தது என்று பார்த்த பிறகு, தவறான பின்னை ஐந்து முறை அழுத்தி, ஒருமுறையும் திறக்கவில்லை என்று பாருங்கள், பிறகு சாவியைக் கொடுங்கள்.