நடுவில் கிடக்கும் 150 மில்லிவோல்ட்

ஆராய்ச்சி நிதிக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறை திரும்பி வந்தது, மூன்றாவது முறை கிடைத்தது. மூன்று முறையும் ஆய்வு ஒன்றுதான். முதல் பக்கம் மட்டும்தான் மாறியது என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகையில்லை.

நான் சிவில் துறையில் பாடம் எடுக்கிறேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறதா என்று உடைக்காமல் கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. இதற்கு மலிவான பழைய சோதனை ஒன்று உண்டு, ஹாஃப் செல் என்பார்கள். காப்பர் சல்பேட் கரைசல் நிரப்பிய மின்முனையைக் கான்கிரீட்டின் மேல் வைத்து, அதற்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் இடையே மின்னழுத்தம் பார்ப்பது. ஏஎஸ்டிஎம் சி876 தரநிலைப்படி, அளவு −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே துரு இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. −200க்கு மேலே நின்றால் இல்லாமலிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. நடுவில் விழுந்தால்? நிச்சயமில்லை. அந்த நடுவில்தான் நான் வேலை செய்ய நினைத்தேன்.

முதல் புரபோசலை ஜர்னல் கட்டுரை மாதிரி எழுதினேன். நான்கு பக்கம் முந்தைய ஆய்வுகள், அப்புறம் சமன்பாடுகள். மதிப்பீட்டாளர் ஒருவர், “ஹாஃப் செல் சோதனையே போதாதா?” என்று கேட்டிருந்தார். படிக்காமலே தள்ளிவிட்டார்கள் என்று இரண்டு நாள் பொருமினேன். பதில் அதிலேயே இருந்தது. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. கையில் ஒரு கட்டு புரபோசல்களை வைத்துக்கொண்டிருப்பவர் ஒன்பதாம் பக்கம் வரை என் மேல் நம்பிக்கை வைத்து வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது முறை விழுந்த அடி என் சொந்தத் தயாரிப்பு. மின்மறுப்பு அளக்கும் கருவி ஒன்றுக்குப் பெரிய தொகை கேட்டிருந்தேன். ‘துறையில் ஏற்கெனவே உள்ள வசதிகள்’ என்ற பின்னிணைப்பில் அதே கருவியை நானே பட்டியலிட்டிருந்தேன்! பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய வினை. துறையில் இருந்தது ஓடாத கருவி என்பது எனக்குத் தெரியும், மதிப்பீட்டாளருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது முறைக்கு முன் மூத்த பேராசிரியர் ஒருவர் ஹெயில்மையர் கேள்விகளை எடுத்துக் கொடுத்தார். திரவப் படிகத் திரைகளில் முன்னோடியான ஜார்ஜ் ஹெயில்மையர், 1975 முதல் 1977 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவை நடத்தியபோது ஒவ்வொரு திட்டத்திடமும் கேட்டவை அவை. என்ன செய்யப்போகிறாய், துறைச்சொல் இல்லாமல் சொல். இன்று அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே தடுக்கிறது? உன்னிடம் புதிதாக என்ன இருக்கிறது? வெற்றி பெற்றால் யாருக்கு என்ன மாறும்? எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்? பாதி வழியில் எதை வைத்துத் தேர்வு வைப்பாய்?

படிக்கச் சுலபமாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தால் வரவில்லை. பட்ஜெட் சரிபார்க்கப் போன இடத்தில், கணக்குப் பிரிவில் இருந்தவர் சும்மா கேட்டார்: “சார், இதனால யாருக்கு என்ன லாபம்?” சொன்னேன்: “பாலத்தைச் சோதிக்கிறவருக்கு இப்ப நிறைய இடத்துல ‘தெரியாது’ன்னுதான் விடை வருது. அதுல எத்தனையை ஆமாம், இல்லைன்னு மாத்தலாம்னு பார்க்கப்போறோம்.” அவர் தாளைப் புரட்டிவிட்டு, “இது இதுல இல்லையே சார்” என்றார்.

அந்த இரண்டு வரிதான் முதல் பக்கத்துக்குப் போனது. திட்டத்தின் பன்னிரண்டாம் மாதத்துக்கு ஒரு தேர்வு வைத்தேன்: ஆறு கான்கிரீட் பலகைகளை உடைத்துப் பார்த்து எங்கள் கணிப்போடு ஒப்பிடுவோம், பொருந்தாவிட்டால் எந்தப் பகுதியைக் கைவிடுவோம் என்பதையும் எழுதினேன். நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

கடிதம் வந்தது, கேட்டதில் கால்பங்கு வெட்டப்பட்டு. பணம் பல்கலைக்கழகத்துக்குத்தான் வரும், நமக்கு அல்ல. முதன்மை ஆய்வாளர் என்று பெயர் நமக்கு, கையெழுத்துகள் பலருக்கு. விலைப்புள்ளி வாங்கி முதல் பொருள் உள்ளே வர ஐந்து மாதம் ஆனது.

இதில்தான் நான் ஏமாந்தேன். கடிகாரம் அனுமதிக் கடிதத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது. பலகை வார்த்தால் 28 நாள் ஈரத்தில் பதப்பட வேண்டும், அப்புறம் உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பது மாதக்கணக்கில் நடக்கும். கால அட்டவணையில் இதற்கெல்லாம் இடம் வைத்திருந்தேன், கொள்முதலுக்கு ஒரு வாரம்கூட வைக்கவில்லை. நிதி வரும்வரை காத்திருக்காமல், துறையில் இருந்த சிமெண்டை வைத்தே பாதிப் பலகைகளை வார்த்திருக்கலாம்.

இப்போது 24 பலகைகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. பன்னிரண்டாம் மாதத் தேர்வைப் பதினாறாம் மாதத்துக்குத் தள்ளிவைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. நேற்று ஏழாவது பலகையில் மின்முனையை வைத்தோம். −270 காட்டியது.