பிக் கிராண்ட் கே: விடியுமுன் கிளம்பிய ஹெலிகாப்டர்

ஜூலை 4

2019-இல் இதே நாள், அதிகாலை 2 மணிக்குச் சற்று முன்பு, பஹாமாஸின் பிக் கிராண்ட் கே என்ற சின்னத் தீவிலிருந்து ஒரு தனியார் ஹெலிகாப்டர் ஃபுளோரிடாவுக்குக் கிளம்பியது. உடம்பு சரியில்லாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரம். இரண்டு நிமிடம்கூடப் பறக்கவில்லை, கடலில் விழுந்துவிட்டது. 7 பேரும் இறந்துபோனார்கள். அமெரிக்க நிலக்கரித் தொழிலதிபர் கிறிஸ் கிளைனும் அவருடைய மகளும் அதில் இருந்தார்கள். மறுநாள் கிளைனுக்கு 61-ஆவது பிறந்தநாள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூலை 5

இருட்டு என்றால் எவ்வளவு இருட்டு? பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். 2019 ஜூலை 2 அமாவாசை. தென் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததும் அன்றுதான். ஆக, விபத்து நடந்த நேரத்தில் வானில் நிலா இல்லை. தீவு விளக்குகளைத் தாண்டினால் கடல் எது, வானம் எது என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லை.

அந்த விமானிகள் நள்ளிரவுக்கு மேல் ஃபுளோரிடாவிலிருந்து அதே கடலைத் தாண்டி வந்து இறங்கியவர்கள்தான். ஆனால் வரும்போது எதிரே தீவு விளக்குகள் இருக்கும். கிளம்பும்போது அவை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

ஜூலை 7

நேற்று ஒன்றும் எழுத முடியவில்லை. இன்று, உடம்பின் சமநிலையை உணரும் உள்காது பற்றிப் படித்தேன். ஹெலிகாப்டர் வேகமெடுத்து முன்னால் பாயும்போது, அதன் மூக்கு மேலே தூக்குவதாக உடம்பு நினைத்துக்கொள்ளும். பகலில் கண் அதைத் திருத்திவிடும். இருட்டில் அதை நம்பி மூக்கை அழுத்தினால் நேராகத் தண்ணீர்தான். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் காதை மாற்ற முடியாது. கருவிகளைப் பார்த்து, அவை காட்டுவதை மட்டும் நம்ப வேண்டும்.

ஜூலை 9

விமானி அறையின் குரல் பதிவு பற்றிய பகுதியைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. தரை நெருங்குகிறது என்று கருவி திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அதற்கிடையே விமானி ஒருவர், இங்கிலாந்தில் நடந்த ஒரு விபத்தும் இப்படித்தான் ஆனது என்கிறார். 2014 மார்ச்சில், நார்ஃபோக் பகுதியில், இதே ஏ.டபிள்யூ.139 வகை ஹெலிகாப்டர் இரவு மூடுபனியில் கிளம்பியதும் விழுந்து 4 பேர் இறந்தார்கள். அந்தப் பாடம் தெரிந்தவர்தான் இதிலும் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 10

பார்வைக்கு எந்தப் பிடிமானமும் இல்லாத இருட்டில் கடல்மேல் கிளம்ப எடுத்த முடிவு, அதனால் வந்த திசைக் குழப்பம். வாரியம் சொல்லும் காரணம் இதுதான். கருவிகளைச் சரியாகக் கவனிக்காததையும், எச்சரிக்கைக்கு ஏற்பச் செயல்படாததையும் கூடவே சொல்கிறது.

எனக்கு அந்த முடிவுதான் உறுத்துகிறது. முதலாளி, அவர் மகள், அவசரம். அந்த இடத்தில் "விடியட்டும்" என்று சொல்ல எந்த விமானிக்கு வாய் வரும்? சொல்லும் பொறுப்பை அந்த இரண்டு விமானிகள் தலையில் மட்டும் வைத்தது தப்பு என்றே நினைக்கிறேன். பெரிய நிறுவனங்களில் கிளம்பலாமா கூடாதா என்று தரையிலிருந்து சொல்ல ஒருவர் இருப்பார். பணக்காரர்களின் சொந்த ஹெலிகாப்டர்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்று. ஹெலிகாப்டர் வந்து சேரவில்லை என்று பஹாமாஸ் போலீசுக்குத் தகவல் போனது மதியம் 2 மணிக்கு மேல். அப்புறம்தான், ஆழம் அதிகமில்லாத இடத்தில் அது தலைகீழாகக் கிடந்தது தெரிந்தது.