அந்தக் கால் மணி நேரம்

ஜனவரி 9

இன்றும் ‘சாதாரணம்’. ரத்தம், தைராய்டு, இசிஜி, தலை ஸ்கேன் எல்லாமே. ரத்த அழுத்தம் 124/80. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் தங்கையின் உடம்பு நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. தலை வெடிக்கிறது என்றாள். கருவியைக் கையில் சுற்றினேன்: 214/120. கால் மணி நேரம் கழித்து 130/84.

பதற்ற நோயாம். பயத்தால் நெஞ்சு படபடக்கிறதாம். பக்கத்திலேயே இருந்து பார்க்கிறவள் நான். நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குப் பயமே வருகிறது.

ஜனவரி 10

இருவருக்கும் தூக்கமில்லை.

ஜனவரி 21

புதிய டாக்டர். நாளமில்லாச் சுரப்பிகளைப் பார்ப்பவர். ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு என் நோட்டைக் கேட்டார். தேதி, நேரம், அழுத்தம், அப்போது எங்கே இருந்தாள் என்று எழுதி வைத்திருந்தேன். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். குளியலறை. நள்ளிரவு, கழிப்பறை. பயணத்தில் வண்டி நிறுத்திய இடம்.

“சிறுநீர் கழித்த உடனேயா அம்மா வருகிறது?”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாம் டாக்டர்.” அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, சொல்லவும் கூச்சம். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, மணிக்கணக்காக அடக்கி வைத்திருந்திருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது.

பாராகாங்கிலியோமா என்று ஒரு கட்டி. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் வந்தால் அதற்கே ஃபியோக்ரோமோசைட்டோமா என்று பெயர். அபூர்வமாகச் சிறுநீர்ப்பையின் சுவரிலும் வரும். பை சுருங்கும்போது கட்டி நசுங்கும், நார்அட்ரீனலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கொட்டும், அழுத்தம் எகிறும். சந்தேகம்தான், உறுதி இல்லை என்றார். ஆனால் நடந்ததெல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது இன்றுதான்.

உடனே பரிசோதிக்க முடியாது. ‘பதற்றத்துக்கு’ என்று கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையே இந்த ஹார்மோன் சோதனையின் அளவைப் பொய்யாக ஏற்றிக்காட்டுமாம். படிப்படியாக நிறுத்திவிட்டு வரச் சொன்னார். தவறான நோய்க்குத் தந்த மாத்திரை சரியான நோயைக் கண்டுபிடிக்கவும் விடாமல் குறுக்கே நிற்கிறது. கோபம் அடங்கவே இல்லை.

ஜனவரி 30

தண்ணீர் குடிக்கிறாள். நான் கேட்பதால் குடிக்கிறாள்.

பிப்ரவரி 12

ரத்தம் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தாலே அளவு கூடிவிடும். 24 மணி நேரச் சிறுநீருக்கு அமிலம் ஊற்றிய கேன் தந்தார்கள். காலையில் முதல் முறை கழிப்பதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் முறை வரை அத்தனையும் அதில் சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் கதவுக்கு வெளியே, கருவியோடு.

பிப்ரவரி 19

நார்அட்ரீனலின் உடைந்து உண்டாகும் நார்மெட்டாநெஃப்ரின் மேல் வரம்பைப் போல் ஐந்து மடங்கு. அட்ரீனலின் உடைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் ஏறவில்லை, கட்டி அட்ரீனலுக்கு வெளியே இருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

சாதாரணம் இல்லை என்று முதன்முதலாக ஒரு தாள் சொல்கிறது. இருவரும் அழுதோம். “எனக்குப் பைத்தியம் இல்லை அக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிப்ரவரி 21

பழைய வயிற்று ஸ்கேனை எடுத்துப் பார்த்தார் டாக்டர். அட்ரீனல் இரண்டும் சுத்தம். இடுப்புக்குக் கீழே படமே எடுக்கவில்லை. எடுக்காத இடத்தையும் சேர்த்தே ‘சாதாரணம்’ என்ற சொல்லை நாங்கள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிப்ரவரி 26

இந்த வகைக் கட்டியைத் தேடும் காலியம் பெட் ஸ்கேனில் உடம்பில் வேறெங்கும் ஒளிரவில்லை. சிறுநீர்ப்பை மட்டும் முழுதாக ஒளிர்கிறது, ஆனால் அதை நம்ப முடியாது. ஊசியில் போட்ட மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது; கட்டி இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது. பின்சுவரில், 2.6 செ.மீ., வெள்ளையாக.

பிப்ரவரி 27

சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவியை விட்டு ஒரு துணுக்கு கிள்ளி எடுத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். நம் டாக்டர் குரலை உயர்த்திப் பேசி இன்றுதான் கேட்டேன். உடம்பைத் தயார் செய்யாமல் இந்தக் கட்டியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மார்ச் 3

அழுத்தத்தைக் குறைக்கும் பிராசோசின் மாத்திரை தொடங்கி மூக்கடைப்பு. மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். படபடப்புக்கு பீட்டா மாத்திரை பிறகுதான். வரிசை மாறினால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். மூக்கடைத்த குரலில் பாடிக்காட்டினாள். எத்தனை மாதமாயிற்று அவள் பாடி!

மார்ச் 7

மரபணுச் சோதனையில் எஸ்டிஎச்பி என்ற மரபணுவில் மாற்றம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் எனக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த வகைக் கட்டிகளை இப்போது தீங்கற்றது, தீங்கானது என்று பிரிப்பதில்லையாம், எதுவும் பரவக்கூடும். எடுத்த பிறகும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு.

இரவு முழுக்கப் படித்தேன். 1886-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் டாக்டர் ஃபெலிக்ஸ் ஃபிராங்கல் எழுதிய பெண், மின்னா ரோல். வயது 18. திடீர் படபடப்பு, தலைவலி, வெளிறல். இறந்த பிறகு பார்த்தபோது இரண்டு அட்ரீனலிலும் கட்டி. 2007-இல் அவள் குடும்ப வழி வந்தவர்களிடம் ரெட் என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். 121 வருடங்கள். இவளுக்கு நடந்த அதே கால் மணி நேரங்கள் அவளுக்கும் நடந்திருக்கின்றன. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எதிலும் இல்லை.

மார்ச் 11

மரபணுச் சோதனைக்கு நானும் ரத்தம் கொடுத்துவிட்டேன். கழிப்பறை போய்வந்ததும் என் கையிலும் சுற்றிப் பார்க்கிறேன். 118/76. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தெரியும். இருந்தும் சுற்றுகிறேன்.

மார்ச் 13

மயக்க மருந்து நிபுணர் வந்தார். படுத்திருக்கும்போது எவ்வளவு, எழுந்து நிற்கும்போது எவ்வளவு என்று அழுத்தத்தைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். காலைக்குள் முடிக்க வேண்டும். அவள் இப்போதுதான் எழுந்து போகிறாள், கருவியை எடுக்க வேண்டும்.