ஏழாம் நாள் கை தாழ்ந்திருந்தது

இடது மார்பில் கட்டியை எடுத்தாகிவிட்டது, கீமோவும் முடிந்துவிட்டது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சின் ஏழாம் நாள். நினைத்தால் இன்னும் படபடக்கிறது.

எனக்கு 15 நாளில் மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). திட்டமிடும் சி.டி. ஸ்கேனில் சாய்வுப் பலகையில் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தாங்கியில் வைத்துத் தோலில் மை அடையாளம் போட்டார்கள். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்ததால் தோள் இறுகி, கையைத் தூக்கவே கண்ணீர் வந்தது. தோள் பயிற்சியை ஸ்கேனுக்கு முன்பே ஒழுங்காகச் செய்துவிடுங்கள். அன்று கை இருந்த நிலையில்தான் கடைசி நாள்வரை இருக்க வேண்டும்.

ஏழாம் நாள் புதிய டெக்னீசியன். படுத்ததுமே கை தாழ்ந்திருப்பது தெரிந்தது. "தம்பி, கை இதைவிட மேலே இருக்கும்" என்றேன்.

"மார்க் சரியாக இருக்கிறதம்மா. அசையாமல் படுங்கள்."

படுக்கும் நிலையைச் சரிபார்க்க உடம்பின்மேல் விழும் லேசர் கோடு மையோடு பொருந்தியது உண்மைதான். ஆனால் கை இறங்கினால் மார்புத் தோலும் நகரும், அதன்மேல் இருக்கும் மையும் நகரும். அவர் கதவை மூடுவதற்குள் மறுபடி கூப்பிட்டு, படம் எடுத்துப் பார்க்காமல் வேண்டாம் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தார். 9 மில்லிமீட்டர் விலகல்! கைத்தாங்கி ஒரு துளை தள்ளி மாட்டப்பட்டிருந்தது.

பிறகு இயற்பியலாளர் கணினியில் காட்டினார். கதிர் மார்பைப் பக்கவாட்டில் உரசியபடி செல்கிறது. அதன் உள்விளிம்பை ஒட்டியே நுரையீரல். இடப்பக்கம் என்றால் இதயமும். உடல் கதிருக்குள் நகர்ந்தால் அவற்றுக்குக் கூடுதலாகப் போகும். வெளியே விலகினால் மார்புச் சுவரை ஒட்டிய திசுவுக்குக் குறையும். ஒருநாள் பிழை பதினைந்தில் பெரும்பாலும் கரைந்துவிடும், அதே பிழை தினமும் தொடர்வதுதான் ஆபத்து என்றார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

மையின்மேல் சோப்பும் எண்ணெயும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களை நகர்த்தும்போது, உதவுவதாக நினைத்து நீங்களே நகராதீர்கள். உடம்பைத் தளர்த்திக் கிடந்தால் போதும். மார்பு வீங்கினாலோ எடை மாறினாலோ உடனே சொல்லுங்கள். உங்கள் பலகையின் துளை எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதவைத்தேன். எட்டாம் நாள் அந்தத் தம்பி அதை வாய்விட்டுப் படித்த பிறகே தாங்கியை மாட்டினார்.