க்யூவில் தொடங்குகிற ஊர்

போன மாதம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்தேன். தலைப்பு, நாகப்பட்டினத்தின் பழைய கடல் வாணிகம். வரலாறு எடுப்பவள் என்பதால் உரையை நானே எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கல்வெட்டைச் சேர்த்திருந்தேன். சீனத்துத் துறைமுக நகரம் ஒன்றில், 1281இல் சிவன் கோயில் எழுப்பியதைத் தமிழில் சொல்லும் கல் அது. கடைசி வரி மட்டும் சீன எழுத்து.

அந்த ஊரை ஆங்கிலத்தில் க்யூ, யூ, ஏ, என், இசட், எச், ஓ, யூ என்று எழுதுகிறார்கள். "எப்படி மிஸ் சொல்றது?" என்று கேட்டாள். "குவான்ஜோ" என்றேன், யோசிக்காமல். க்யூ வந்தால் குயீன், குயிக் என்று பழகிய வாய்.

மேடையில் நன்றாகத்தான் பேசினாள். முடித்ததும் நடுவர் ஒருவர், "நீ சொன்னது காண்டன் நகரம்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு "ஆமாம்" என்றாள். காண்டன் என்பது குவாங்சோ. வேறு மாகாணம், வேறு ஊர். கல்வெட்டு கிடைத்தது ஃபூஜியன் மாகாணத்தில். நான் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேருந்தில் திரும்பி வரும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னேன். "அட, எங்க சூப்பர்வைசரோட தாத்தா அந்த ஊர்க்காரர்தாம்மா. நாளைக்கே கேட்டு அனுப்புறேன்" என்றார். மறுநாள் பதினொரு நொடி ஒலிப்பதிவு ஒன்று வந்தது. இரும்பு தட்டும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெரியவர் குரல், நிதானமாக ஒரே பெயரை மூன்று முறை சொல்கிறது. முதல் இரண்டு தடவை மாண்டரின். மூன்றாவது அவர்கள் வீட்டுப் பேச்சான ஹொக்கியென். அது 'சுவன்ச்சியு' போலக் காதில் விழுந்தது.

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தொடக்கத்தில் 'கு' இல்லவே இல்லை. பச்சை, அச்சு என்று சொல்லும்போது வருகிற ச்ச. அதோடு கொஞ்சம் மூச்சையும் சேர்த்து, உதட்டைக் குவித்து, 'ச்சுயென்'. அடுத்து வருவது ஜோவும் இல்லை, சோவும் இல்லை. நாக்கு மேலே மடிந்து உரசுகிறது. காட்சி, ஆட்சி என்பவற்றில் ட்ச வருமே, ஏறக்குறைய அதேதான். ச்சுயென்ட்சோ.

சீன அரசு 1958இல் ரோமன் எழுத்து முறையை ஏற்றபோது, ஆங்கிலேயர் வாய்க்காக அதை அமைக்கவில்லை. தங்கள் ஒலிகளுக்குத் தங்களுக்கு வேண்டிய எழுத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். க்யூ அங்கே ச்ச. இசட் எச் அங்கே ட்ச. நாமும் அப்படித்தானே செய்திருக்கிறோம்? இசட் எச்சைப் பார்த்தால் நமக்கு ழ. சீர்காழியில் பிறந்த எனக்கு அதை ழ என்று படிக்காமல் இருப்பதே கஷ்டம். வெளியூர்க்காரர் அதே எழுத்தை 'சிர்கஸி' என்று படித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் நான் அந்த ஊரைக் குவான்ஜோ ஆக்கியதும்.

இதில் ஒரு சின்ன சந்தோஷமும் உண்டு. சோங் வம்சத்து வரலாற்றில் சோழ நாட்டுக்கு உள்ள பெயரை இன்றைய சீன முறையில் எழுதினால் அதுவும் இசட் எச்சில்தான் தொடங்குகிறது, ட்சூநியென். 1015இல் சோழர் தூதுக்குழு போய்ச் சேர்ந்ததெல்லாம் அந்தப் பெயரின் கீழ்தான் பதிவாகியிருக்கிறது. சோழனை ஆங்கிலத்தில் எழுதும்போது ழ-வுக்காக நாம் நடுவில் போடுகிற எழுத்து, அவர்களுக்கு முதலில்.

இன்னொன்று. தமிழ் வாய்க்கு இந்த விஷயத்தில் ஆங்கில வாயைவிட வசதி அதிகம். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வருகிற ஜி (G), பி (B) இரண்டும் குரல் அதிராத ஒலிகள். நம் கல்லின் க, பாலின் ப. குவாங்ட்சோவை கல் என்பதன் க-வோடு, பெய்ஜிங்கைப் பால் என்பதன் ப-வோடு சொன்னாலே பக்கத்தில் வந்துவிடுவோம். ஆங்கிலச் செய்தி வாசிப்பவர்கள் சிலர் பெய்ஜிங்கின் நடுவில் வரும் ஜ-வைப் பிரெஞ்சுச் சொல் மாதிரி குழைத்துச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து நாம் மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லை.

2020 ஜூனில் நம் அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றும் ஆணையை வெளியிட்டுச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அப்போது ஆசிரியர் வாட்ஸப் குழுவில் பெரிய விவாதம் நடந்தது. எழுத்தைச் சரி செய்தால் உச்சரிப்பு தானாக வந்துவிடும் என்றுதான் நானும் வாதாடினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. யாராவது ஒருவர் வாயால் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் பேசும்போது சீன ஏற்ற இறக்கமெல்லாம் கொண்டுவர வேண்டாம் என்பது என் எண்ணம், பேச்சு தடைபடும். ச்சுயென்ட்சோ என்று சொல்லி, கூடவே 'ஃபூஜியன்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், யாரும் காண்டனோடு குழப்ப மாட்டார்கள். மார்க்கோ போலோவைப் பற்றிப் பேசினால் மட்டும் அவர் சொன்னபடி ஜைத்தூன் எனலாம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் காலத்து ஆவணத்தைப் படிக்கும்போது டிராங்குபார் என்று சொல்கிற மாதிரி.

அந்த ஜைத்தூன் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் அசந்துவிட்டேன். அந்த ஊரின் பழைய பெயர் ட்ஸிதோங், ஒரு மரத்தின் பெயர். நகரைச் சுற்றி நட்டிருந்தார்களாம். அரபு வணிகர் வாயில் அது ஜைத்தூன் ஆனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: காம்பு ஒன்றுக்கு மூன்று இலை, தண்டில் கறுத்த முள், கிளிமூக்கு மாதிரி சிவந்த பூ. நம் கல்யாண முருங்கை! எங்கள் கொல்லை வேலியில் நிற்கிறதே, மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் அம்மா இலையைப் பறித்து அரிசியோடு அரைத்து அடை தட்டுவாளே, அதே மரம்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு கிளையை ஒடித்து, முள் குத்தாமல் பழைய துண்டில் சுற்றி, வகுப்புக்குக் கொண்டு போனேன். ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டினேன். போட்டிக்குப் போன பெண் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவை போடுங்க மிஸ்" என்றாள். போட்டேன். பெரியவரோடு சேர்ந்து, மெதுவாக, அவளும் சொன்னாள்.