பங்குக்குத் தொழில் செய்பவனிடம் சம்பளச் சான்றிதழ் கேட்டார்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் மீன் இறங்குதளத்தில் வலை அறுந்த தகராறு. அக்கா மகன் கத்தியை வீசிவிட்டான். எதிராளிக்குக் கையில் வெட்டு. அவன் செய்தது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், 21 வயது நிரம்பாதவரைத் தக்க காரணத்தை எழுதாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. அதற்கு முன், குற்றவாளியின் நடத்தையையும் சூழ்நிலையையும் விசாரித்து எழுதும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். சம்பவ நாளின் வயது செல்லாது, தீர்ப்பு நாளின் வயதுதான் கணக்கு என்று வக்கீல் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. பையனுக்கு 21 நெருங்கிக்கொண்டிருந்தது.

சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையைத் தண்டனையாகக் கேளுங்கள் என்று ஊரில் ஆளாளுக்கு ஆலோசனை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது சிறு திருட்டு, குடிபோதையில் ரகளை போன்ற சில குற்றங்களுக்கு மட்டுமே. கத்தி வழக்குக்குக் கிடையாது.

எங்களைப் படுத்தி எடுத்தது அந்த நன்னடத்தை அலுவலர் அறிக்கைதான். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள்தான் தொழில். சரியாக அப்படியொரு நாளில் விசாரிக்க வந்து, ‘ஆள் ஊரில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அலுவலகத்துக்கு ஓடினால் எழுத்தர் சம்பளச் சான்றிதழ் கேட்டார். டீசல், ஐஸ் செலவு போகப் பங்கு பிரிக்கும் தொழிலில் அதை யார் தருவது?

“அப்படியானால் நிரந்தரத் தொழில் இல்லை என்றுதான் போகும்” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கக் கடிதம் எதுவும் அவருக்குப் போதவில்லை. கடைசியில் நேராக அலுவலரையே பார்த்தேன். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடும் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில், குற்றவாளிக்கு நிலையான இருப்பிடமோ நிரந்தரத் தொழிலோ இல்லாவிட்டாலும் பிணை நிற்பவருக்கு நிலையான இருப்பிடம் இருந்தால் போதும். என் வீட்டு வரி ரசீதை மேசையில் வைத்தேன். எழுத்தர் முகம் போன போக்கை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். அடுத்த முறை படகு போகாத நாளில் அலுவலரே வந்தார்.

எதிராளியிடமும் விசாரித்தார்கள். “அவன் உள்ளே போய்விட்டால் என் வைத்தியச் செலவை யார் கொடுப்பது?” என்று கேட்டாராம். வெட்டுப்பட்டவருக்கே அவனைச் சிறையில் அடைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 5ஆவது பிரிவில் இழப்பீடு கட்டச் சொன்னார்கள். அக்கா நகையை அடகு வைத்துக் கட்டியாயிற்று. பையன் பிறந்தநாளுக்கு முன்பே நன்னடத்தைப் பிணைப் பத்திரத்தில் வெளியே வந்தான்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலை உடனே வாங்கிவிடுங்கள். 12ஆவது பிரிவுப்படி, குற்றவாளி என்று தீர்ப்பானவருக்குச் சட்டத்தில் வரும் தகுதியிழப்பு, இப்படி நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு இல்லை. நாளை வேலைக்கு யாராவது மறித்தால் காட்ட அந்த நகல் வேண்டும்.