பெல்லட் தரம் பிரித்த அனுபவம்

10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர். 2013 முதல் சர்வதேசப் போட்டிகளில் தகுதிச் சுற்றுக்கே தசமக் கணக்கு (ஒரு புள்ளியைப் பத்தாகப் பிரித்து எண்ணுவது) வந்துவிட்டது. ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர்தான் இடம். 10.2-க்கும் 10.6-க்கும் உள்ள தூரம் ஒரே ஒரு மில்லிமீட்டர். நிலை, மூச்சு, ட்ரிகர் எல்லாம் சரியாக அமைந்து, "இது நடுவுலதான்" என்று மனசு சொன்ன ஷாட் ஓரமாகப் போய் விழும்போது, பெல்லட் (துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டு) மேல் சந்தேகம் வராமல் இருக்காது. அப்படித்தான் நானும் டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

உட்கார்ந்து பொறுக்குவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: துப்பாக்கிக்கு எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) ஒத்துவருகிறது என்று பார்ப்பது. 4.5 மி.மீ. மேட்ச் பெல்லட்டுகளே 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு பிரித்து வருகின்றன. ஒரே பெயர், ஒரே அளவு போட்டிருந்தாலும் டப்பாவின் பேட்ச் எண் மாறினால் பேரலுக்குள் அதன் நடத்தையும் மாறலாம். ரைஃபிளை க்ளாம்ப்பில் இறுக்கி, ஒவ்வொரு வகைக்கும் பத்து பத்தாகச் சுட்டுப் பார்த்தேன். வகை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. முந்தைய பெல்லட் விட்டுப்போன ஈயப் படிவும் எண்ணெயும் போய், பேரல் புதியதற்குப் பழக வேண்டும்.

குரூப்பை அளக்க, துளைக்கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை எடுத்து, அதிலிருந்து 4.5-ஐக் கழிப்பேன். கழிப்பதற்கு முன்னாலேயே பத்து ஷாட்டும் ஐந்து மில்லிமீட்டர் சொச்சத்தில் ஒரே ஓட்டையாக விழும் பேட்ச் கிடைத்தால் அதை விடக் கூடாது. என் பேரலுக்கு 4.50-இல் ஒரு பேட்ச் அப்படி அமைந்தது. அதே நிறுவனத்தின் வேறொரு பேட்ச், அதே 4.50, பக்கவாட்டில் தெளிவாக அகன்றது. இந்த ஒரு வித்தியாசம், பிறகு நான் செய்த மொத்தப் பொறுக்கலும் தந்த பலனைவிடப் பெரியது. நல்ல பேட்ச் அகப்பட்டால் அதே எண்ணில் பல டப்பா வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதற்கப்புறம் கண்ணால் பார்க்கும் வேலை. வெள்ளைத் துணியை விரித்து, டப்பாவைச் சாய்த்து மெதுவாகக் கொட்டினேன். உயரத்திலிருந்து கொட்டினால் கொட்டுவதிலேயே நசுங்கும், ஈயம் அவ்வளவு மெத்து. ஒவ்வொன்றையும் ட்வீசரில் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, ஸ்கர்ட்டின் (பின்னால் பாவாடை போல விரிந்த பகுதியின்) வாயை விளக்கு பக்கம் திருப்பி லென்ஸில் பார்த்தேன். பார்க்க வேண்டிய இடம் அந்த வாய் விளிம்புதான். பேரலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அதுதான். விளிம்பில் ஒரு பக்கம் வெட்டோ பிசிறோ இருந்தால், காற்று அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியே பாய்ந்து பெல்லட்டின் வாலைத் தட்டிவிடும். அப்புறம் அது ஆடிக்கொண்டேதான் போகும்.

லேசாகக் கோணிய ஸ்கர்ட்டை நான் ஒதுக்குவதில்லை. பேரலுக்குள் தள்ளும்போதே பாதி நிமிர்ந்துவிடும். விளிம்பு கிழிந்தது, தலையில் பள்ளம் விழுந்தது, உள்ளே ஈயத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது, இந்த மூன்றும் உடனே வெளியே. மேட்ச் தர டப்பாவில் இப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. பயிற்சிக்கென்று வாங்கும் மலிவு வகையில் கணிசமாக இருந்தன, கூடவே அடியில் ஈயத்தூள் வேறு.

கண்ணுக்குப் பிடிபடாததைப் பிடிக்க உருட்டிப் பார்த்தேன். சமமான கண்ணாடிப் பலகையை ஒரு பக்கம் துளி உயர்த்தி, மேலிருந்து ஒவ்வொன்றாக விட்டேன். தலையைவிட ஸ்கர்ட் அகலம் என்பதால் பெல்லட் நேராக உருளாது, வளைந்துதான் போகும். ஒரே அச்சில் அழுத்தி எடுத்தவை கிட்டத்தட்ட ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் சேரும். தலையோ ஸ்கர்ட்டோ அளவு மாறியது வேறு வளைவில் விலகும். ஒன்று மட்டும் பாதி வழியில் டக் டக்கென்று தத்திக்கொண்டே போனது. எடுத்து லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில்தான் தலை விளிம்பில் தட்டையான ஒரு முகம் மின்னியது. இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. செலவில்லை, கருவி வேண்டாம், தப்பு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

எடை பார்ப்பதில்தான் நேரம் போனது. ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், நடுநடுவே பூஜ்ஜியம் சரிபார்க்க வேண்டும். 0.53 கிராம் பெல்லட்டுகளை ஐந்து மில்லிகிராம் வித்தியாசத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்தேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டபோது ஒன்று புரிந்தது. விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரில் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் கீழிறங்கும். ஐந்து மில்லிகிராம் என்பது எடையில் சுமார் 1 சதவீதம். அதே ஆற்றலில் வேகம் அரை சதவீதம் மாறும், இறக்கம் 1 சதவீதம் மாறும். அதாவது 0.16 மில்லிமீட்டர். ஒரு தசமப் புள்ளிகூட ஆகவில்லை.

கணக்கை மட்டும் நம்பிவிட மனசில்லை. க்ளாம்ப்பில் மறுபடி சுட்டேன். எந்தக் கிண்ணத்தில் எந்தப் பெல்லட் என்று நண்பர் மட்டும் குறித்துவைத்து, கலைத்துக் கலைத்து எடுத்துக் கொடுத்தார். கடைசியில் டார்கெட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது, எடைக் கிண்ணங்களுக்குள் எந்த வேறுபாடும் தெரியவில்லை. விளிம்பு கிழிந்து ஒதுக்கியவை மட்டும் கேட்காமலே தம்மைக் காட்டிக்கொண்டன, குரூப்பை விட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக.

50 மீட்டர் தூரத்துக்கு இந்த முடிவு பொருந்தாது. இதே வேகத்தில் அங்கே போய்ச்சேரவே கால் விநாடிக்கு மேல் ஆகிறது, இறக்கம் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். அதில் 1 சதவீதம் என்றால் நான்கு மில்லிமீட்டருக்கு மேல், அது விளையாட்டில்லை. தூரத்துக்குச் சுடுகிறவர்கள் தராசை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். 10 மீட்டரோடு நிற்பவர்கள் அந்த நேரத்தை நிலைப் பயிற்சிக்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வேலையில் கை முழுக்க ஈயம் ஒட்டும். பொறுக்கும்போது சாப்பிடவோ முகத்தைத் தொடவோ கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரித்த துணியை மற்ற துணிகளோடு துவைக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

இப்போது போட்டிக்கு முன் பேட்ச் சோதனை, பிறகு லென்ஸ், கண்ணாடிப் பலகை, அத்தோடு சரி. தேறியவற்றை ஸ்பாஞ்சில் குழி போட்ட பெட்டியில் தலை கீழாக அடுக்கிக்கொள்கிறேன். பையில் குலுங்கினாலும் ஸ்கர்ட் அடிபடாது, எடுக்கும்போது விளிம்பு இன்னொரு முறை கண்ணில் படும்.